காப்பகத்தை நடத்துவது ஒருவர், பொறுப்பு யாருக்கு?

(கள்ளிக்குப்பத்தில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேருந்து நிழற்குடையில் ஒரு பெரியவர் நாலு நாளாகப் படுத்திருந்தால், "யாராவது காப்பகத்துல சேர்த்துவிடுங்கப்பா"ன்னு சொல்லிட்டு நகர்ந்துடுறோம். அந்தக் காப்பகத்தை யார் நடத்துறாங்க? அது ஒழுங்கா நடக்குதான்னு யார் பார்க்கணும்? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறேன்.

சென்னையில் வீடற்றோர் காப்பகங்கள் மாநகராட்சியின் பொறுப்பு. அன்றாடப் பராமரிப்பைத் தொண்டு நிறுவனங்கள் கவனிக்கின்றன. மாநகராட்சி நிறுவனத்தைத் தேர்வு செய்து வேலையை ஒப்படைக்கிறது. கவனிச்சுக்கோங்க, வேலையை மட்டும்தான் ஒப்படைக்குது. பொறுப்பு மாநகராட்சியிடமேதான் இருக்கு.

தரம்னா என்ன? தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம். ஆளுக்கு 50 சதுர அடி இடம். அப்படின்னா 20 பேர் தங்க 1,000 சதுர அடி வேணும். வருடம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்கணும். குடிநீர், கழிப்பறை, சமையலறை, முதலுதவி, உடைமையை வெச்சுப் பூட்ட ஒரு பெட்டி. தங்கியிருப்பவருக்கு ரேஷன் அட்டை, ஓய்வூதியம் கிடைக்கவும் உதவணும்.

தாளில் இருப்பது தரையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதைப் பார்க்கத்தான் 2016-ல் உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. ஆனா டெல்லியிலிருந்து ஒரு குழு தினமும் வந்து பார்க்க முடியாதே! பக்கத்தில் இருக்கிற நாமதான் பார்க்கணும்.

தனியார் முதியோர் இல்லம் என்றால், முதலில் பதிவுச் சான்றைக் கேளுங்க. மாவட்ட நிர்வாகத்திடம் பதிவு செய்வது கட்டாயம். பிறகு, சொல்லாமல் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை போங்க. பெரியவரோடு தனியாகப் பேச விடுறாங்களா, கதவு வெளிப்பக்கம் பூட்டியிருக்கா, மருத்துவர் எப்போ வந்தார்னு பதிவேடு இருக்கா, பாருங்க.

பிள்ளைகள் கவனிக்காமல் விட்ட பெற்றோருக்கு 2007-ஆம் ஆண்டு பராமரிப்புச் சட்டம் இருக்கு. வருவாய் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். அறிவிப்பு எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேர்ந்த 90 நாளில் முடிவு சொல்லணும். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிடலாம். பெரியவரால் முடியலைன்னா, அவர் அதிகாரம் கொடுத்த வேறொருவரோ அமைப்போ மனு கொடுக்கலாம். நம்ம பக்கத்தில் பலர் இன்னும் திருவள்ளூருக்கு அலையறாங்க. அம்பத்தூர் வட்டம் 2018 முதல் சென்னை மாவட்டத்தில் இருக்கு. மனுவும் இங்கேதான்.

உங்க போனில் இரண்டு எண்களைச் சேமிச்சுக்கோங்க. முதியோர் உதவிக்கு 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. மாநகராட்சிப் புகாருக்கு 1913. புகார் கொடுத்தால் எண் கேட்டு வாங்குங்க, தேதியையும் குறிச்சு வைங்க. அந்த எண் இருந்தால்தான் அடுத்த முறை "என்ன ஆச்சு?"ன்னு கேட்க முடியும்.