நிலம் கொடுத்தவர் கேட்கும் கணக்கு
(திருவனந்தபுரத்தில் ஆற்றப்பட்ட உரையின் ஒரு பகுதி)



கொச்சி–கூட்டநாடு–மங்களூரு எரிவாயுக் குழாய் 450 கிலோமீட்டர் நீளமுடையது; 2021 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் உரிமையாளரிடமே இருக்கும். ஆயினும் குழாயின் மேல் அவர் வீடு கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் நடவோ இயலாது. இழப்பீடோ சந்தை மதிப்பில் 10 விழுக்காடுதான்!

பத்து சென்ட் மட்டுமே உடைய குடும்பம் அஞ்சாதா? 2017இல் முக்கத்தில் வெடித்த எதிர்ப்பைத் தூண்டுதல் என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது. இடது ஜனநாயக முன்னணி அரசு பேசியது, இழப்பீட்டை உயர்த்தியது, பணியை முடித்தது. தமிழ்நாட்டின் கொங்கு மாவட்டங்களிலோ விவசாயிகளின் எதிர்ப்பால் பணி பல்லாண்டு முடங்கியது.

அம்மக்கள் நிலம் கொடுத்தது பொதுத்துறைக்கு. 2021 ஆகஸ்டில் ஒன்றிய அரசு அறிவித்த பணமாக்கல் திட்டமோ 8,154 கிலோமீட்டர் எரிவாயுக் குழாய்களைப் பட்டியலிட்டது. தனியாருக்கு வருவாய், உழவருக்குத் தடை!

பாதுகாப்பும் உண்டு. 2014 ஜூனில் ஆந்திரத்தின் நகரம் கிராமத்தில் கெயில் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஈரம் நீக்கப்படாத வாயு குழாயை அரித்திருந்தது. பொதுத்துறையிலேயே இந்நிலை எனில், இலாபத்துக்காகப் பராமரிப்புச் செலவைக் குறைக்கும் குத்தகைதாரரை யார் தட்டிக் கேட்பது? ஒன்றிய அரசு முதலில் இதற்கு விடை கூறட்டும்.