“பரவாயில்லை” போதாது: புற்றுநோய் மாத்திரையை வீட்டில் உட்கொள்வது பற்றி

(நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவர் அல்ல, மருந்தாளரும் அல்ல. மொழிபெயர்ப்பாளர். மருந்துகளைப் பற்றிய ஆங்கிலத் தாள்களைத் தமிழில் எழுதுவது என் வேலை. சில நாள்களில் மருத்துவரின் அறையில் உட்கார்ந்து, நோயாளி சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை நோயாளிக்கும் எடுத்துச் சொல்வேன். எந்த மருந்தை எவ்வளவு சாப்பிடலாம் என்று என்னைக் கேட்காதீர்கள். ஆனால் அந்த அறையில் எந்தச் சொல் எங்கே தவறிப்போகிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை ஒரு பாட்டி வந்திருந்தார். பெருங்குடல் புற்றுநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். வயிற்றுப்போக்கு உண்டா என்று மருத்துவர் கேட்டார். “கொஞ்சம் வயிறு சரியில்ல, பரவால்ல,” என்றார் பாட்டி. நானும் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். வெளியே வந்ததும் மருமகள் என்னிடம், “ராத்திரி மட்டும் மூணு தடவை எழுந்து போனாங்க, பகல்ல கணக்கே இல்ல,” என்றார். உடனே திரும்பி உள்ளே போனோம். மாத்திரையை அன்றே நிறுத்தினார்கள், உடலில் நீர் குறைந்திருந்ததால் ‘டிரிப்’ ஏற்றினார்கள். ஏன் பாட்டி முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா மருந்த நிறுத்திருவாங்கல்ல, கண்ணு,” என்றார்.

இந்தப் பயம் பலருக்கு இருக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் நோய் முந்திக்கொள்ளும், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிட வேண்டும் என்று நினைக்கிறார்கள். பக்க விளைவு கடுமையானால் சில நாள் நிறுத்தி, உடல் தேறிய பிறகு அதே அளவிலோ குறைந்த அளவிலோ மறுபடியும் தொடங்குவது இந்தச் சிகிச்சையிலேயே அடங்கிய ஒன்று. சிகிச்சை தோற்றுவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. சொல்லாமல் விட்டு, உடல் மோசமாகி மருத்துவமனையில் படுத்தால்தான் சிகிச்சை வாரக்கணக்கில் தள்ளிப்போகும்.

பாட்டி சாப்பிட்டது கேபெசிட்டபின் என்ற மாத்திரை. பெருங்குடல், மார்பகம், இரைப்பைப் புற்றுநோய்களுக்குத் தருவார்கள். ஊசியில் ஏற்றும் கீமோ மருந்தைப்போல் இதுவும் கீமோதான். வாயால் விழுங்குவதால் ‘லேசான மருந்து’ என்று எண்ணிவிட வேண்டாம்.

பொதுவாக ஒரு நாளில் இரண்டு வேளை, ஏறத்தாழ 12 மணி நேர இடைவெளியில், சாப்பிட்டு முடித்த 30 நிமிடத்துக்குள், தண்ணீருடன் முழுதாக விழுங்க வேண்டும். உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. பலருக்கு 14 நாள் மாத்திரை, பிறகு 7 நாள் ஓய்வு என்று சுற்று வரும். ஓய்வு வாரத்தையும் நாள்காட்டியில் குறித்துவையுங்கள். மறந்து அந்த வாரத்திலும் சாப்பிட்டுவிடுகிறவர்கள் உண்டு. மாத்திரை 150 மில்லிகிராம், 500 மில்லிகிராம் என இரண்டு அளவில் வருகிறது. உங்களுக்கு இரண்டும் கொடுத்திருந்தால், காலையில் எது எத்தனை, இரவில் எது எத்தனை என்று மருந்தாளரையே எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் விட்டதுதான். அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகச் சாப்பிடாதீர்கள். விழுங்கியபின் வாந்தி எடுத்தாலும் அதே வேளைக்கு இன்னொன்று போடாதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் வேறு மாதிரி சாப்பிடுகிறாரே என்று சிலர் கேட்பார்கள். சுக்கிலச் சுரப்பிப் புற்றுநோய்க்கான அபிராட்டரோன் மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிடச் சொல்வார்கள். இமாட்டினிப் மாத்திரையை உணவோடு, பெரிய குவளைத் தண்ணீருடன் சாப்பிடச் சொல்வார்கள். அவரவர் சீட்டில் இருப்பதுதான் அவரவருக்கு.

உணவோடு சேர்ந்த மருந்து என்பதால் விரதம் பற்றியும் சொல்ல வேண்டும். புரட்டாசியில் சைவம் சாப்பிடுவதில் சிக்கல் இல்லை. ஒருபொழுது இருப்பதானாலும் ரமலான் நோன்பு வைப்பதானாலும், அந்த மாதம் தொடங்கும் முன்பே மருத்துவக் குழுவிடம் பேசுங்கள். நீங்களாக நேரத்தை மாற்றாதீர்கள்.

இனி, வீட்டில் எப்போது தொலைபேசியை எடுக்க வேண்டும் என்பது.

வயிற்றுப்போக்கு: வழக்கத்தைவிட ஒரு நாளில் 4 முறை அல்லது அதற்கு மேல் கூடுதலாகப் போனால், அல்லது இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து போக நேர்ந்தால், அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அழையுங்கள். 24 மணி நேரத்தில் ஒரு முறைக்கு மேல் வாந்தி எடுத்தாலும், வாய்ப்புண்ணால் சாப்பிட முடியாமல் போனாலும் அப்படியே. “வயிறு சரியில்லை” என்று சொல்லாதீர்கள். எத்தனை முறை, எப்போதிருந்து, தண்ணீர் உள்ளே தங்குகிறதா என்று சொல்லுங்கள். வெட்கம் வேண்டாம், தாதியர் இதைத் தினமும் கேட்கிறவர்கள்.

காய்ச்சல்: 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருந்தால் நள்ளிரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இந்த மருந்து வெள்ளை அணுக்களைக் குறைக்கலாம். அப்போது சாதாரணக் கிருமித்தொற்றே உயிருக்கு ஆபத்தாகலாம். நம் வீடுகளில் உடம்பு சுட்டால் உடனே பனடோலைப் போட்டுவிடுவோம். அது சூட்டைக் குறைத்துக் காய்ச்சலை மறைத்துவிடும். முதலில் வெப்பமானி, பிறகு அழைப்பு.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல்: மாத்திரையை நிறுத்திவிட்டு 995ஐ அழையுங்கள். இந்த மருந்து இதய ரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்யக்கூடும். மருந்து சாப்பிடுவதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

கை கால்கள்: இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உள்ளங்கையும் உள்ளங்காலும் முதலில் மதமதப்பாகவோ ஊசி குத்துவதுபோலவோ இருக்கும். பிறகு வீக்கம், எரிச்சல், தோல் உரிதல், கொப்புளம். ஆங்கிலத் தாளில் ‘சிவந்துபோகும்’ என்று இருந்தது. நானும் சிவக்கும் என்றே மொழிபெயர்த்தேன். ஒரு அம்மா கையை நீட்டி, “எனக்குச் சிவக்கலியே, கறுத்துத்தானே இருக்கு?” என்றார். அவர் சொன்னது சரி. நம் தோல் நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது; கருமையாகவே தெரியலாம். நிறத்துக்காகக் காத்திருக்காதீர்கள். வலித்தாலும் வீங்கினாலும் சொல்லுங்கள்.

தடுக்க என்ன செய்யலாம்? வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பான நீரே போதும். துணியை முறுக்கிப் பிழிவது, கத்தியை அழுத்திப் பிடித்து வெகுநேரம் நறுக்குவது போன்றவற்றை வேறு யாராவது செய்யட்டும். தளர்வான காலணி அணியுங்கள். மருந்தாளர் தரும் ஈரப்பதக் களிம்பைத் தவறாமல் தடவுங்கள். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை வெறுங்காலோடு நடப்பதாக வேண்டிக்கொண்டவர்கள், தேதி நெருங்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலை இந்தக் காலுக்கு ஆகாது. அடுத்த ஆண்டு நடந்தால் முருகன் கோபிக்கமாட்டார் என்பது என் சொந்தக் கருத்து.

தோல் உரிந்துகொண்டே இருந்தால் கைரேகைகூட மறையலாம். சிங்கப்பூர் மருத்துவர்கள் 2009இல் ஒரு மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள்: இந்த மாத்திரையை நீண்டகாலம் சாப்பிட்ட 62 வயது நோயாளி ஒருவர் 2008 டிசம்பரில் அமெரிக்கா போனபோது, ரேகை பதியாததால் விமான நிலையத்தில் 4 மணி நேரம் நிறுத்திவைக்கப்பட்டார். வெளியூர் போவதானால், மருந்தைக் குறிப்பிடும் கடிதம் ஒன்றை மருத்துவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

சிலருக்கு இந்த மருந்தைச் சிதைக்கும் நொதி உடலில் பிறவியிலேயே குறைவு. அவர்களுக்குப் பக்க விளைவு முதல் சில நாள்களிலேயே கடுமையாக வரும். ஆகவே முதல் சுற்றில் கூடுதல் கவனம் வேண்டும்.

மற்ற மருந்துகளையும் சொல்லுங்கள். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் வார்ஃபரின் இதோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு ஏற்படலாம். வலிப்புக்கான பினிட்டோயின் உடலில் அளவுக்கு மேல் சேரலாம். ‘வெறும் சத்து மாத்திரைதானே’ என்று நினைக்கும் ஃபோலிக் அமிலம்கூடப் பக்க விளைவுகளை அதிகமாக்கும். கடையில் வாங்கும் சத்து மாத்திரை, நாட்டு மருந்து, கஷாயம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அப்படியே மருந்தாளரிடம் காட்டுங்கள். யாரும் திட்டமாட்டார்கள்.

பராமரிப்பாளர்களுக்கு: மாத்திரையை எடுத்துக் கொடுக்கும்போது கையுறை அணியுங்கள், பிறகு கை கழுவுங்கள். வீட்டுப் பணிப்பெண் கொடுப்பதானால் அவருக்கும் இதைச் சொல்லிக்கொடுப்பது உங்கள் பொறுப்பு. கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரை இருக்கும் டப்பாவில் இதைக் கலக்காதீர்கள். சமையலறைச் சூட்டிலும் குளியலறை ஈரத்திலும் வைக்காதீர்கள். மிச்சமானதைக் குப்பையிலோ கழிப்பறையிலோ போடாமல், கொடுத்த மருந்தகத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.

மருத்துவமனை அழைப்பு எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். பக்கத்தில் ஒரு தாள்: தேதி, எத்தனை முறை கழிப்பறை, காய்ச்சல் அளவு, கை கால் எப்படி. பாட்டியின் மருமகள் இப்போது அப்படித்தான் எழுதிவருகிறார். அவர்கள் வரும் நாளில் எனக்கு மொழிபெயர்க்க வேலை அதிகம் இருப்பதில்லை.