அடக்கத்தின் ஓசை

ஆங்கிலேயர் உணர்ச்சியை வெளிக்காட்டாதவர்கள் என்ற எண்ணம் நெடுங்காலமாக நிலவுகிறது. அவர்கள் மொழியில் அடக்குதலைக் குறிக்கும் சொற்கள் குவிந்து கிடப்பதை அதற்குச் சான்றாகவும் காட்டுவார்கள். அதே சான்று எதிர்த்திசையில் செல்கிறது என்பது என் வாதம். அழுகை, சிரிப்பு, சினம், அலறல் ஆகியவற்றை அடக்குவதற்கான ஆங்கிலச் சொற்கள், அடக்கப்படும் உணர்ச்சி எவ்வளவு வலியது என்பதையே அளந்து சொல்கின்றன.

முதலில் அவற்றின் புழக்கத்தைப் பார்ப்போம். கொட்டாவி, விம்மல், சிரிப்பு இவற்றை அடக்குவது ‘ஸ்டைஃபில்’. மூச்சுத் திணறவைப்பதற்கும் அதுவே சொல். ‘ஸ்மதர்’ என்றால் காற்றுப் புகாமல் மூடுவது. கம்பளியைப் போட்டு நெருப்பை அணைப்பதும் ஸ்மதர்தான், பொறாமையை உள்ளே அமுக்குவதும் ஸ்மதர்தான். கண்ணீரை ஒருவன் ‘சோக் பேக்’ செய்தான் என்றால், தொண்டை வரை ஏறியதைத் திருப்பி அனுப்பினான் என்று பொருள். இவை மூச்சையும் தொண்டையையும் சார்ந்தவை. இன்னொரு கூட்டம் ஆட்சியையும் படையையும் சார்ந்தது. ‘சப்ரெஸ்’ கிளர்ச்சிக்கும் வரும், செய்திக்கும் வரும், புன்னகைக்கும் வரும். பழைய ஆங்கிலத்தில் கொல்வதைக் குறித்த ‘க்வெல்’ இன்று கலகத்தையும் அச்சத்தையும் ஒடுக்குகிறது. குதிரையின் தாடைக்கடியில் மாட்டும் சங்கிலியான ‘கர்ப்’ கோபத்துக்குக் கடிவாளமாகிறது. எந்தக் கூட்டத்தைப் பார்த்தாலும் எதிரே திமிறுகிற ஒன்று இருக்கிறது. செத்த பாம்பை அடிக்க இத்தனை கம்புகள் எதற்கு?

ஓசையை அடக்குவது அதை இல்லாமல் ஆக்குவது அன்று என்பதற்கு, உறையிட்டு ஓசையை மங்கவைப்பதைக் குறிக்கும் ‘மஃபில்’ நல்ல சான்று. இங்கிலாந்தின் தேவாலயங்களில் பெரிய மணிகள் முழுவட்டமாகச் சுழன்று, ஒவ்வொரு சுழற்சியிலும் ஒருமுறை ஒலிக்கும். நவம்பரில் போரில் மாண்டோரை நினைக்கும் ஞாயிறன்று, மணி நாக்கின் ஒரு பக்கத்தில் மட்டும் தோல் உறையை வாரால் இறுக்கிக் கட்டுவார்கள். ஓர் அடி கணீரென்று விழும். அடுத்தது அதன் எதிரொலி போல மங்கிக் கேட்கும். இரண்டு பக்கமும் உறையிடுவது அரச மரணம் போன்ற அரிய துக்கங்களுக்கு உரியது. 2022-இல் அரசி எலிசபெத் மறைந்தபோது அவ்வாறே ஒலித்தார்கள். துக்கத்தை மறைப்பதா நோக்கம்? ஊருக்கே அறிவிப்பது! ஓசை குறைந்ததைக் காதால் உணர்ந்துதான் ஊரார் துக்கத்தை அறிகிறார்கள். கதைகளில் வரும் ‘ஸ்டைஃபில்ட்’ விம்மலும் இப்படித்தான். பக்கத்தில் இருப்பவர் காதில் அது விழுந்துவிடுகிறது.

இச்சொற்கள் ஓர் இனத்தின் இறுகிய இயல்பிலிருந்து பிறந்தவை என்று மறுக்கலாம். காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. இவற்றில் பல இடைக்காலத்திலேயே மொழியில் இருந்தவை. அதற்கு வெகுகாலம் பின்னர், 1771-இல், ஹென்றி மெக்கென்சி எழுதிய ‘தி மேன் ஆஃப் ஃபீலிங்’ நாவல் வெளிவந்தது. கண்ணீர் பெருகும் அந்தக் கதையை அன்றைய வாசகர் விரும்பிப் படித்தனர். 1886-இல் அதை மறுபதிப்பித்த ஹென்றி மார்லி, யார் எந்தப் பக்கத்தில் அழுகிறார் என்று ‘கண்ணீர் அகரவரிசை’ ஒன்றையே சேர்த்துக் கேலி செய்தார். ஆங்கிலேய ஆண்கள் கடுந்துயரில் தவிர அழுவதில்லை என்று டார்வின் எழுதியது 1872-இல். 1771-க்கும் 1872-க்கும் இடையே மாறியது பழக்கம். சொற்கள் முன்பே இருந்தன. ஆங்கிலேயரின் அடையாளமாகவே ஆகிவிட்ட ‘ஸ்டிஃப் அப்பர் லிப்’ என்ற தொடர்கூட 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க அச்சில்தான் முதலில் தென்படுகிறது.

இன்னொரு மறுப்பு உளவியலிலிருந்து வரும். அடக்கி அடக்கி உணர்ச்சியே மரத்துப்போகாதா என்பது அது. அறியாமலே அமுக்குவதைப் பற்றிப் பிராய்டு 1915-இல் எழுதிய கட்டுரையின் கருத்தை ஆங்கிலம் ‘ரிப்ரெஷன்’ என்று வழங்குகிறது. அறிந்தே அடக்குவதற்கு ‘சப்ரெஷன்’ என்ற சொல்லை ஒதுக்கிக்கொண்டது. தனக்கே தெரியாமல் அமுக்கப்பட்டதும் வேறு வடிவில் திரும்பி வரும் என்பதுதான் பிராய்டின் கொள்கை. உளவியலாளர்கள் ஜேம்ஸ் கிராஸும் ராபர்ட் லெவன்சனும் 1993-இல் வெளியிட்ட ஆய்வும் அதே பக்கம் நிற்கிறது. அருவருப்பூட்டும் படத்தைப் பார்க்கும்போது முகத்தில் எதையும் காட்டக்கூடாது என்று ஒரு சாராரிடம் சொன்னார்கள். அவர்களின் முகக்குறிகள் குறைந்தன. அருவருப்பு குறைந்ததாக அவர்கள் சொல்லவில்லை. தோலின் வியர்வை போன்ற சில உடற்குறிகளோ கூடின. அடக்குதல் உடலுக்குச் சுமைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுமை இருக்கிறது என்றால் சுமக்கப்படும் பொருளும் இருக்கிறது.

எனவே இச்சொற்களின் இலக்கணத்தையே முடிவாகச் சொல்கிறேன். இந்தப் பொருளில் வரும்போது இவை அனைத்தும் செயப்படுபொருள் குன்றா வினைகள். எதை அடக்கினான் என்ற கேள்விக்கு விடையில்லாமல் வாக்கியம் நிறைவு பெறாது. ஒரு சமூகத்தை அதன் அடக்கச் சொற்களைக் கொண்டு எடைபோடுகிறவர், அவற்றின் செயப்படுபொருள்களையும் தராசில் வைக்கட்டும்: விம்மல், சினம், சிரிப்பு, அலறல். அப்போது உணர்ச்சியற்றவர்கள் என்ற தீர்ப்பு நிற்காது.