கேட்கச் செய்வோம், கலங்கச் செய்யோம்
(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளை அறிவித்தபோது சிலர் முகத்திலே புன்னகை தோன்றியதைக் கண்டோம். எத்தனையோ பெரிய விடயங்கள் இருக்க, மோட்டார் சைக்கிளின் ஹோர்னைப் பற்றியும் ஒரு சொற்பொழிவா என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் எமது வாலிபர்களிற் பலர் மோட்டார் சைக்கிளில் வருபவர்கள். பெரியோரிற் பலர் அதே வீதியிலே துவிச்சக்கரவண்டியிலும் கால்நடையாகவும் செல்பவர்கள். ஆகவே இது இரு சாராரும் ஒன்றாயிருந்து கேட்கவேண்டிய பேச்சு என்றே கருதுகின்றோம்.

எமது அங்கத்தவர் ஒருவருக்கு நேர்ந்ததை முதலிற் சொல்லுகிறோம். அவர் இந்த மண்டபத்திலேதான் இருக்கிறார். சொல்வதற்கு அனுமதியும் தந்திருக்கிறார். பெயர் மாத்திரம் வேண்டாம்.

ஒரு நாட் காலை சந்தைக்கு அருகே அவர் தமது மோட்டார் சைக்கிளை நிறுத்தி நின்றபோது, முன்னால் நின்ற லொறி பின்னோக்கி நகரத் தொடங்கியது. உடனே ஹோர்னை அழுத்தினார். ஆட்டுக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம் எழுந்தது. கண்ணாடிகளை மூடி, வானொலியையும் வைத்துக்கொண்டிருந்த சாரதிக்கு அது எங்கே கேட்கப்போகிறது? வாலிபர் வண்டியை விட்டுக் குதித்தார். முன்சில்லு நசுங்கியது. கணுக்கால் பிசகி மூன்று கிழமை வீட்டிலே கிடந்தார்.

எழுந்து நடந்த முதல் நாளே, பஸ்களிற் பூட்டுவது போன்ற காற்று ஹோர்ன் ஒன்றைச் சிறிய மின்பம்பியோடு வாங்கிப் பூட்டினார். இனி எனது சத்தம் கேளாதவர் ஒருவரும் இருக்கமாட்டார் என்று பெருமைப்பட்டார். இரண்டு மாதம் செல்லவில்லை. ஒழுங்கை முடக்கொன்றில் அவர் அதை ஊத, முன்னே துவிச்சக்கரவண்டியிற் போய்க்கொண்டிருந்த முதியவர் ஒருவர் வெருண்டு, ஒதுங்குவதற்குப் பதிலாக வீதியின் நடுவே திரும்பி, பின் நிலைதடுமாறி வாய்க்காலில் விழுந்தார். கை முறிந்தது. வைத்தியசாலைக்குச் சென்று மன்னிப்புக் கேட்ட வாலிபரை அவர் கடிந்துகொள்ளவில்லை.

"தம்பி, நீ வாறது எனக்குக் கேட்டதுதான். எந்தப் பக்கத்தாலை வாறாய் எண்டுதான் விளங்கேல்லை" என்றார்.

அன்பர்களே, இந்த ஒரு வாசகத்திலே எமது பேச்சு முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரே வண்டியில் இரண்டு விபத்துக்கள். முதலாவதில் ஹோர்ன் கேட்கவில்லை. இரண்டாவதில் கேட்டது, ஆனால் கேட்டவர் கலங்கிவிட்டார். ஹோர்ன் என்பது மற்றவனுக்குச் செய்தி சொல்லும் கருவி. செய்தி போய்ச் சேராவிட்டாலும் பயனில்லை. போய்ச் சேரும்போது அறிவைக் கலக்கினாலும் பயனில்லை.

இக்கருவியின் வரலாற்றிலே சுவையான செய்தி ஒன்றுண்டு. 1908ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே விற்பனைக்கு வந்த 'கிளாக்சன்' என்னும் மின் ஹோர்னைக் கண்டுபிடித்தவர் மில்லர் றீஸ் ஹச்சிசன் என்பவர். பற்சில்லு ஒன்று சுழன்று உலோகத் தகட்டை இடித்து அலறச் செய்வது அதன் அமைப்பு. இதே ஹச்சிசன்தான் அதற்குமுன் செவிப்புலன் குறைந்தோருக்காக மின்சாரக் கேட்கும் கருவியையும் ஆக்கியவர். கேளாதவரைக் கேட்கவைத்த கைதான் கேட்பவரின் காதைத் துளைக்கும் கருவியையும் செய்தது.

இன்று எமது வண்டிகளில் உள்ள ஹோர்ன் வேறு வகையானது. உள்ளே ஒரு மின்காந்தமும் மெல்லிய உருக்குத் தகடும் உண்டு. மின் பாய்ந்ததும் காந்தம் தகட்டை இழுக்கும், இழுத்தவுடன் ஒரு தொடுமுனை பிரிந்து மின் நிற்கும், தகடு திரும்பும், மீண்டும் மின் பாயும். ஒரு செக்கனில் நானூறு ஐந்நூறு தடவை இவ்வாறு நிகழ்வதையே நாம் ஒலியாகக் கேட்கிறோம். மோட்டார் கார்களிற் பெரும்பாலும் இரண்டு ஹோர்ன்கள் இருக்கும். ஒன்று ஏறத்தாழ 400 அதிர்வும் மற்றது ஏறத்தாழ 500 அதிர்வும் உடையவை. சங்கீதம் பயின்றோர் கவனிக்கவேண்டும்: நாலுக்கு ஐந்து என்னும் விகிதம் சட்ஜத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் உள்ள உறவு. இரண்டு சுரமும் சேர்ந்தொலிக்கும்போது, எஞ்சின் இரைச்சலுக்குள்ளே ஒற்றைச் சுரம் அமிழ்ந்துபோவதுபோல அமிழ்ந்துபோவதில்லை.

இனி, ஹோர்னைத் திருத்த விரும்பும் வாலிபர் செய்யவேண்டியது என்ன? முதலாவது, புதிதாக வாங்குமுன் பழையதைப் பாருங்கள். மழையிலும் புழுதியிலும் அலைந்த வண்டியின் இணைப்புகளிலே துருவும் பச்சைக் களிம்பும் ஏறியிருக்கும். அவற்றைச் சுரண்டித் துப்புரவாக்கி இறுக்குங்கள். பல ஹோர்ன்களின் பின்புறத்திலே சிறு திருகாணி ஒன்றுண்டு. அதைக் கால் சுற்றுக்கு மேற்படாமல் மெல்லத் திருப்பிப் பார்த்தால் கம்மிய குரல் தெளிவதுண்டு. ஒரு சதமும் செலவில்லை.

அதனாலும் பயனில்லையெனில், கார்களுக்குரிய தட்டையான ஹோர்ன் சோடி ஒன்றைப் பூட்டலாம். பலர் பிழைவிடும் இடம் இதுதான். சிறிய வண்டியின் ஹோர்ன் இரண்டு அம்பியர் அளவில் மின்னெடுப்பது. இந்தச் சோடியோ எட்டு அம்பியர் வரையில் எடுக்கும். பழைய வயரும், கைப்பிடியிலுள்ள சிறிய சுவிச்சும் அந்தப் பாரத்தைத் தாங்கா. கணக்குப் பார்ப்போம். வயரிலும் சுவிச்சிலும் கால் ஓம் தடை இருந்தால், எட்டு அம்பியர் பாயும்போது இரண்டு வோல்ற்று வழியிலேயே தொலையும். பன்னிரண்டில் பத்துத்தான் ஹோர்னைச் சேரும். புது ஹோர்ன் பழையதைப்போலவே முனகும். சுவிச்சின் முனைகளும் கருகும். வாங்கியவர் கடைக்காரரை ஏசுவார்.

இதற்குப் பரிகாரம் 'றிலே' என்னும் சிறு பெட்டி. அதன் கால்களிலே எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 30 என்ற காலுக்குப் பற்றறியிலிருந்து தடித்த வயர் வரவேண்டும். அதிலே, பற்றறிக்கு மிக அருகாக, 15 அம்பியர் பியூஸ் ஒன்று இருக்கவேண்டும். 87இலிருந்து ஹோர்ன்களுக்கு வயர் போகவேண்டும். 85, 86 என்னும் இரண்டையும் பழைய ஹோர்னுக்கு வந்த இரு வயர்களோடு இணைத்தாற் போதும். இப்போது சுவிச்சு சுமப்பது றிலேக்குரிய மிகச் சிறிய மின்னை மட்டுமே. பெரும் பாரத்தைத் தடித்த வயர் சுமக்கிறது. பியூஸ் இல்லாமல் மாத்திரம் பூட்டாதீர்கள். வயர் எங்காவது உராய்ந்து சட்டத்திலே தொட்டால், ஹோர்ன் அல்ல, வண்டியே எரியும்.

ஹோர்னை அதனோடு வந்த உருக்குப் பட்டியிலேயே பூட்டவேண்டும். அதன் உடல் வேறெதிலும் முட்டக்கூடாது. முட்டினால் அதிர்வு அடங்கிவிடும். வாய் முன்னோக்கியும் சற்றே கீழ்நோக்கியும் இருந்தால் மழைநீர் தங்காது.

இவ்வளவும் செய்தபின் எவ்வளவு சத்தம் போதும்? இலங்கையிலே தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் 2011ஆம் ஆண்டில் வெளியான வாகன ஹோர்ன் ஒழுங்குவிதிகள் 2 மீற்றர் தூரத்தில் 105 டெசிபெல், 7 மீற்றர் தூரத்தில் 93 டெசிபெல் என்று எல்லை வகுத்தன. டெசிபெல் கணக்கு சாதாரணக் கூட்டற் கணக்கன்று. பத்து டெசிபெல் கூடினால் ஒலியின் வலு பத்து மடங்காகிறது. ஆகவே, ஹோர்ன் வாங்கும்போது பெட்டியிலே பெரிய இலக்கம் அச்சிடப்பட்டிருக்கிறதென்று மகிழவேண்டாம். 85 டெசிபெல் இரைச்சலிலே நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் வேலை செய்வதே காதுக்கு எல்லையென்று அறிஞர் கூறுவர். 100 டெசிபெல்லில் அந்த எல்லை கால் மணித்தியாலமாகக் குறுகிவிடும். நாம் ஊதிவிட்டுப் போய்விடுகிறோம். சந்தியிலே நிற்கும் பொலிஸ்காரரும், வீதியோரம் கடை வைத்திருப்பவரும் நாள் முழுவதும் எல்லாருடைய ஹோர்னையும் கேட்கிறார்களே!

மற்றொன்று. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திலே போகும் வண்டி ஒரு செக்கனில் 14 மீற்றர் ஓடுகிறது. எமது சத்தம் கேட்டு, திரும்பி, விளங்கி, ஒதுங்குவதற்கு ஒருவருக்கு ஒரு செக்கனாவது வேண்டும். முதியவருக்கு அதிலும் கூட வேண்டும். ஹோர்ன் அழுத்தும் விரல் பிறேக்கைப் பிடிக்கும் விரலுக்குப் பதிலாகாது. முடக்குக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, ஒருமுறை சுருக்கமாக ஊதுபவனே நல்ல சாரதி. முடக்குக்குள் வந்தபின் நீளமாக ஊதுகிறவன், தான் பிந்திவிட்டதையே ஊருக்கு அறிவிக்கிறான்.

எமது கோயில் மணி எவ்வளவு தூரம் கேட்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். அதைக் கேட்டுப் பயந்து விழுந்தவர் ஒருவருமில்லை. கேட்ட மாத்திரத்தில் எங்கே, எதற்காக என்று விளங்குகிறது. எமது ஹோர்னும் அப்படி இருக்கவேண்டும்.

அந்த வாலிபரின் கதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். காற்று ஹோர்னைக் கழற்றி வைத்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த மண்டபத்து முற்றத்திலேயே நாம் நாலு பேர் சேர்ந்து, மேலே சொன்னபடி சோடி ஹோர்னும் றிலேயும் பூட்டினோம். சென்ற மாதம் அதே ஒழுங்கையிலே, அதே முடக்குக்கு வெகு முன்பாக, வேகத்தைக் குறைத்து ஒருமுறை ஊதினார். முன்னே அதே முதியவர். திரும்பியும் பாராமல் இடப்பக்கம் ஒதுங்கி, முறிந்து பொருந்திய கையை உயர்த்தி, போ என்று காட்டினார்.

வருகிற ஞாயிறு காலையும் நாம் முற்றத்திலே இருப்போம். ஹோர்ன் கம்மிய வண்டி வைத்திருப்போர் கொண்டுவாருங்கள்; சாமானுக்கு மாத்திரம் பணம் கொடுத்தாற் போதும். ஹோர்ன் மிகைத்த வண்டி வைத்திருப்போரும் கூச்சப்படாமல் வாருங்கள். அதைக் கழற்றுவதற்கு எமக்குப் பத்து நிமிடம் போதும்.