முழங்கால் ஆபரேஷனுக்கு முன்னால்
(கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளம், போனஸ், வீடு என்று கேட்டுப் பழகிய இந்த மேடையில் இன்று முழங்காலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நீங்கள் இந்தக் கூடத்துக்குள் ஏறி வந்தபோது நாங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றே படிகள். அந்த மூன்று படிகளைச் சுவரைப் பிடிக்காமல் ஏறி வந்த மூத்தவர்கள் எத்தனை பேர்? எண்ணுவதற்கு ஒரு கை விரல்கள் போதும்.

இதில் வியப்பென்ன இருக்கிறது? விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனோம். நாளொன்றுக்கு 500 மரம், 600 மரம். அடிப்பட்டையில் கோடு இறங்கிவிட்டால் ஒவ்வொரு மரத்துக்கும் குனிந்து குந்தி எழ வேண்டும். பிறகு காண்டாவில் இரண்டு வாளிப் பாலைத் தூக்கிக்கொண்டு மேடு பள்ளம் பாராமல் ஸ்டோருக்கு நடை. இப்படி 25 ஆண்டு, 30 ஆண்டு. மரத்துக்காவது ஒரு நாள் வெட்டினால் மறுநாள் ஓய்வு கொடுத்தார்கள். வெட்டியவருக்கு மறுநாள் அடுத்த நிரை காத்திருந்தது.

மூட்டின் முனைகளில் வழுவழுப்பான குருத்தெலும்பு மெத்தைபோல் இருக்கிறது. அது தேய்ந்தால் எலும்போடு எலும்பு உரசும். கால் வில்லாக வளையும். தைலமும் மாத்திரையும் கைவிட்ட நிலையில், தேய்ந்த முனைகளைச் சீவி எடுத்துவிட்டு உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்துகிறார்கள். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற டாக்டர் 1962ல் இடுப்பு மூட்டுக்கு இந்த முறையை நிலைநாட்டினார். முழங்காலுக்கு அது 1970களில் பக்குவப்பட்டது. பொருத்திய முழங்கால்களில் பத்தில் எட்டு, 25 ஆண்டுக்குப் பிறகும் மாற்ற வேண்டியில்லாமல் உழைக்கின்றன என்று 2019ல் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். எனவே ஆபரேஷன் என்றதும் நடுங்க வேண்டாம்.

நிற்க. நமக்குத் தெரிந்த ஒரு தாயாரின் கதையைச் சொல்ல வேண்டும். 31 ஆண்டு பால் வெட்டியவர், வயது 63. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்து 14 மாதம் காத்திருந்தார். நாள் வந்தது. மகன் வேலைக்கு லீவு போட்டு, 120 வெள்ளிக்கு வாடகைக் காரும் பிடித்து அழைத்துப் போனான். இரவெல்லாம் பட்டினி. காலையில் ரத்தத்தைப் பார்த்தார்கள், சர்க்கரை 17. மூன்று மாதச் சர்க்கரை 10.4. “இன்று ஆபரேஷன் இல்லை, சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள்.

டாக்டர் செய்தது சரியே. நாங்கள் அந்த இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் திரும்பி வந்த அந்த அம்மா எங்களிடம் சொன்னதைக் கேளுங்கள்: “இனிப்பைக் குறைங்க, எடையைக் குறைங்கன்னு அப்பவே சொன்னாங்க தம்பி. நான் இனிப்பே தின்கிறதில்லை. எதைக் குறைக்கிறதுன்னு யாரும் உட்கார வச்சிச் சொல்லலையே.”

பதினான்கு மாதம்! அத்தனை நாளும் அவர் வீட்டில் உட்கார்ந்து தேதிக்குக் காத்திருந்தார். ஆஸ்பத்திரியும் கட்டில் காலியாகக் காத்திருந்தது. அவருடைய உடம்பை யாரும் தயார் செய்யவில்லை. காத்திருக்கும் காலமே சிகிச்சையின் முதற்பகுதி என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறோம். அதை நோயாளியின் தலையில் மட்டும் கட்டிவிட்டுக் கையைக் கழுவுவது நியாயமாகாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

முதலில் சர்க்கரை. 2019ல் நாடு முழுவதும் எடுத்த சுகாதார ஆய்வில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் தெரிந்தது. நம் இந்திய மக்களிடையே அதைவிட அதிகம். சர்க்கரை ஏறிய ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் அணுக்கள் சோர்ந்துவிடும். புண் ஆறத் தாமதமாகும். சாதாரணப் புண் என்றால் மருந்து கொடுத்து ஆற்றலாம். உள்ளே உலோகம் இருக்கும்போது கிருமி அதன்மேல் படலம்போல் ஒட்டிக்கொள்கிறது. மருந்து எளிதில் எட்டாது. போட்ட மூட்டையே கழற்ற வேண்டி வரலாம். நூற்றில் ஒருவர் இருவருக்கு இது நேர்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

சிலர் முதல் நாள் பட்டினி கிடந்து ரத்தம் கொடுக்கப் போகிறார்கள். அந்தத் தந்திரம் பலிக்காது. சர்க்கரை சிவப்பு அணுவோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த அணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. ஆகவே மூன்று மாதக் கணக்கு அப்படியே எழுதி வைத்தாற்போல் தெரிந்துவிடும். பல இடங்களில் அது 8க்கு மேல் இருந்தால் தள்ளிவைக்கிறார்கள். எல்லை டாக்டருக்கு டாக்டர் கொஞ்சம் மாறும். உங்கள் எண் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சம்பளச் சீட்டில் வெள்ளியைப் பார்க்கிறோமே, அப்படிப் பாருங்கள்.

அந்தத் தாயாரின் வீட்டில் உட்கார்ந்து ஒரு நாள் சாப்பாட்டைக் கணக்கெடுத்தோம். உண்மையிலேயே இனிப்பு இல்லை. ஆனால் டின் பால் ஊற்றிய தேநீர் நான்கு கிளாஸ். இரவில் சத்துக்கு என்று மைலோ. காலையில் ஒன்றுமில்லை, மத்தியானம் குவித்த சோறு. தேநீரில் டின் பாலை நிறுத்தினோம். சோற்றைப் பாதியாக்கி, மிச்ச இடத்தில் கீரையும் காயும் வைத்தோம். காலையில் ஒரு முட்டை, மத்தியானம் மீன் அல்லது பருப்பு. பட்டினி போட்டு இளைத்தால் கொழுப்போடு தொடைச் சதையும் கரைந்துவிடும்; ஆபரேஷனுக்குப் பிறகு எழுந்து நிற்க அந்தச் சதைதான் வேண்டும். எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் ஏறும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. ஐந்து கிலோவே பெரிய காரியம்.

இரண்டாவது, ரத்தக் குறைவு. ஆபரேஷனில் ரத்தம் போகும். முன்கூட்டியே குறைந்திருந்தால் ரத்தம் ஏற்ற வேண்டி வரும், தேறுவதும் மெதுவாகும். ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12 என்ற அளவுக்குக் கீழே இருந்தால் காரணத்தைக் கேளுங்கள். வயிற்றில் புண்ணா, மூல நோயா என்று பார்க்க வேண்டியதும் உண்டு. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் அதைத் தேநீரோடு விழுங்காதீர்கள்! தேநீர் இரும்பை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடலாம். இதைச் சொன்னபோது ஒரு பாட்டி, “ஆறு மாசமா தேத்தண்ணியிலதானே முழுங்கினேன்” என்று தலையில் கைவைத்தார்.

மூன்றாவதாகச் சொல்வதைக் கவனமாகக் கேட்க வேண்டும். மூட்டு வலிக்கு ஜாமு, கைமருந்து, பெயரில்லாத குளிகை என்று சந்தையில் விற்கிறார்கள். இரண்டு வேளை போட்டதும் வலி பறந்துவிடுகிறது. பறக்காமல் என்ன? இத்தகைய பல சரக்குகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. முகம் பூசினாற்போல் உருண்டையாகும், பசி எடுக்கும், தொட்ட இடமெல்லாம் தோல் கன்றும், சர்க்கரை ஏறும். நீண்டநாள் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து, சொல்லாமல் ஆபரேஷன் மேஜையில் படுத்தாலும் ஆபத்து. டாக்டர் திட்டுவார் என்று மறைக்காதீர்கள். திட்டினால் திட்டட்டும்; டப்பாவை எடுத்துப் போய்க் காட்டுங்கள். முழங்காலில் ஊசி போட்டுக்கொண்டவர்களும் தேதியைச் சொல்லிவிடுங்கள். ஊசி போட்டு மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்றினால் கிருமி தொற்றும் அபாயம் கூடுகிறது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எதை எப்போது நிறுத்துவது என்பது டாக்டர் சொல்ல வேண்டியது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல வேண்டியதல்ல.

சிகரெட்டும் சுருட்டும் குறைந்தது நான்கு வாரத்துக்கு முன்பே நிற்க வேண்டும். வெற்றிலையோடு போடும் புகையிலையும் அதே கணக்குத்தான், தாய்மார்களே. குடிப்பவர்கள் எவ்வளவு குடிக்கிறோம் என்று பாதியாக்காமல் சொல்லுங்கள். தினமும் நிறையக் குடிப்பவர் தாமாகவே ஒரே நாளில் நிறுத்துவதும் தவறு. கைகால் உதறி வலிப்பு வரலாம். சொத்தைப் பல், கால் விரலிடுக்குச் சேற்றுப் புண், சொறி ஆகியவற்றை முன்பே ஆற்றிவிடுங்கள். வீட்டில் காலைச் சவரம் செய்துகொண்டு போகாதீர்கள். கத்தி கீறிய இடத்தில் கிருமி குடியேறும்.

இனிப் பயிற்சி. சுவரோரம் உறுதியான நாற்காலியைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு எழுந்து எழுந்து உட்காருங்கள். முடியாவிட்டால் கையூன்றித் தொடங்குங்கள். படுத்துக்கொண்டு, சுருட்டிய துவாலையை முழங்காலுக்கு அடியில் வைத்து, அதை அமுக்குவதுபோல் தொடையை இறுக்கி ஐந்து எண்ணுங்கள். பிறகு காலை மடக்காமல் ஒரு சாண் தூக்கி இறக்குங்கள். ஒவ்வொன்றும் 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. சற்று வலித்தால் பாதகமில்லை. மறுநாள் முழங்கால் வீங்கினால் குறைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு நோய் உள்ளவர்கள் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். கைத்தடி பிடிப்பவர்களில் பாதிப் பேர் தவறாகப் பிடிக்கிறார்கள்: வலது முழங்கால் வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும்.

பயிற்சியைப் பற்றி மிகைப்படுத்த மாட்டோம். முன்கூட்டிப் பயிற்சி செய்தவர் முதல் சில வாரங்களில் சீக்கிரம் எழுந்து நடமாடுகிறார். ஓராண்டு கழிந்தால் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் வேறுபாடு பெரிதாக இருப்பதில்லை. ஆனால் அந்த முதல் சில வாரங்களில்தானே நம் வீடுகளில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் திண்டாடுகிறோம்? மகளும் வேலைக்குப் போகிறாள், மருமகளும் போகிறாள்.

அதனால் வீட்டையும் முன்பே பாருங்கள். குந்தும் கக்கூஸ் உதவாது. மேலே வைக்கும் இருக்கை ஏற்பாடு செய்ய வேண்டும். பாயில் படுப்பவர்களுக்குக் கட்டில் வேண்டும். வழுக்கும் கால்மிதியை எடுத்துவிடுங்கள். குளியலறைக்குப் போகும் வழியில் இரவில் விளக்கு எரியட்டும். நான்கு கால் நடைச் சட்டத்தில் ஆபரேஷனுக்கு முன்பே வீட்டுக்குள் நடந்து பழகுங்கள்.

பணத்துக்கும் லீவுக்கும் வருகிறோம். தீபகற்பத்தில் 2023 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தப்படி, ஆஸ்பத்திரியில் தங்கவேண்டிய தொழிலாளிக்கு ஆண்டில் 60 நாள் வரை சம்பளத்தோடு லீவு உண்டு. சாதாரண நோய் லீவிலிருந்து அதைக் கழிக்கக் கூடாது. கழித்தால் எங்களிடம் வாருங்கள். மூட்டுச் சாமானுக்குப் பணம் கேட்டால் மலைத்துப்போய்த் திரும்பிவிடாதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருத்துவச் சமூக நல அதிகாரி இருக்கிறார். அவரிடம் உதவி நிதியைப் பற்றியும், 2019ல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தைப் பற்றியும் கேளுங்கள். தேதி கிடைத்த பிறகு கேட்டால் நாள் போதாது. பெயர் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அந்தத் தாயார் இப்போது முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார். நான்கு மாதத்தில் 10.4 என்பது 7.6 ஆயிற்று. எடை ஆறு கிலோ குறைந்தது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் ஒருமுறைகூட எழ முடியாதவர் இன்று ஒன்பது முறை எழுகிறார். மறுபடி தேதி கொடுத்திருக்கிறார்கள். வாடகைக் காருக்கு இம்முறை கிளை ஏற்பாடு செய்கிறது.

மூட்டு ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். ஆஸ்பத்திரிக் கடிதத்தையும், கைமருந்து உட்பட வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு, வருகிற ஞாயிறு காலை 9 மணிக்கு இங்கே கொண்டுவாருங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு எழுதித் தருகிறோம். கூடவே மகனையோ மகளையோ அழைத்து வந்தால் நல்லது. சோறு ஆக்குகிறவர்கள் அவர்கள்தானே.