ஒட்டும் உறவும்

‘எமக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை’ என்பது தமிழர் பேச்சு வழக்கு. ஒட்டையும் உறவையும் இணைத்து வழங்கிய முன்னோர், தோட்டக்காரரின் தொழிலையோ சத்திரவைத்தியரின் தொழிலையோ எண்ணி அவ்வாறு கூறினார்களல்லர். ஆயினும் அவ்விரு தொழில்களுக்கும் அடிப்படையான வினாவொன்று அவ்வழக்கிலே அடங்கிக் கிடக்கின்றது. ஓருயிரின் பகுதியை மற்றோருயிரிலே ஒட்டினால், அது பிடித்து வளர்வதற்கு உறவு வேண்டுமா? வேண்டுமாயின், எத்துணை நெருங்கிய உறவு வேண்டும்?

இவ்வினாவுக்குத் தோட்டம் தரும் விடை எளியது. யாழ்ப்பாணத்திலே கறுத்தக்கொழும்பான் மாவை விரும்புவோர் அதன் ஒட்டுக்கன்றைத் தேடி வாங்குகின்றனர். வேரோடு நிற்கும் இளங்கன்று ஒட்டுக்கட்டை. அதன்மீது பொருத்தப்படும் நல்லின மரத்தின் துண்டு ஒட்டுமுளை. பட்டைக்கும் உள்மரத்துக்கும் இடையே மாறிழையம் என்னும் மெல்லிய படை உண்டு. புதிய கலங்களைத் தோற்றுவித்து மரத்தைப் பருக்கச் செய்வது அதுவே. இரண்டு வெட்டுகளிலும் உள்ள மாறிழையங்கள் ஒன்றையொன்று தொடுமாறு வைத்து, அசையாமலும் உலராமலும் இறுகக் கட்டிவிட்டால், காயத்தை ஆற்ற எழும் கலங்களே இரண்டையும் இணைத்துவிடுகின்றன. வேர் உறிஞ்சிய நீர் மேலே செல்கின்றது; இலை ஆக்கிய உணவு கீழே இறங்குகின்றது.

ஆனால், இணைந்த இரண்டும் ஒன்றாய்க் கலந்துவிடுவதில்லை. இணைப்புக்கு மேலே தோன்றும் கிளையெல்லாம் ஒட்டுமுளையின் இனம். கீழே தளிர்ப்பது ஒட்டுக்கட்டையின் இனம். அதனாலேயே கீழே தோன்றும் தளிரைத் தோட்டக்காரர் கிள்ளி எறிகின்றார்.

உறவின் எல்லையும் இங்கே தெளிவாகவே தெரிகின்றது. மாவோடு மா பொருந்தும்; எலுமிச்சையின் வேரிலே தோடை பொருந்தும். மாவும் பலாவும் பொருந்தா. பனைக்கும் தென்னைக்கும் மாறிழையமே இல்லாமையால், கன்றுகளை வெட்டிக் கட்டும் இம்முறை அவற்றுக்குப் பயன்படாது. தூரத்து உறவு பெரும்பயன் தந்ததும் உண்டு. 1860 ஆம் ஆண்டையடுத்த காலத்தில், அமெரிக்காவிலிருந்து வந்த பைலொக்செரா என்னும் சிறுபூச்சி பிரான்சு நாட்டின் திராட்சை வேர்களை அரித்து, தோட்டந்தோட்டமாக அழித்தது. அப்பூச்சியோடு நெடுங்காலம் பழகி அதனைத் தாங்கும் வலிமை பெற்றிருந்த அமெரிக்கத் திராட்சையின் வேரிலே ஐரோப்பியக் கொடியை ஒட்டியே அத்தொழிலை மீட்டனர்.

இனி மனிதவுடலுக்கு வருவோம். அறுபட்ட மூக்கைத் தோல்கொண்டு சீராக்கும் முறை சுசுருத சங்கிதையிலே கூறப்பட்டுள்ளது. நெற்றித்தோலைக் கொண்டு மூக்கமைத்த இந்திய முறைபற்றிய செய்தி 1794 ஆம் ஆண்டில் இலண்டன் இதழொன்றில் வெளிவந்தது. அதனைப் பின்பற்றி ஜோசெப் கார்பியூ என்னும் ஆங்கிலச் சத்திரவைத்தியர் 1814 ஆம் ஆண்டில் வெற்றிகண்டார். தோலை முற்றாக வெட்டியெடுக்காது, ஒரு புறம் குருதியோட்டத்தோடு விட்டு, புதிய இடத்தில் பிடித்தபின்னரே பிரிப்பது இம்முறை. கிளையைத் தாய்மரத்திலிருந்து வெட்டாமல் வளைத்துக் கட்டி, ஒட்டியபின் பிரித்தெடுக்கும் தோட்டக்காரரின் முறை இதனை ஒத்தது.

ஆயினும், அங்கே எடுத்ததும் கொடுத்ததும் ஒரே உடல். பிறருடைய தோலை ஒட்டினால் யாது நிகழும்? இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், தீக்காயமுற்றோரைக் காப்பாற்ற வேண்டிய நெருக்கடி இவ்வினாவை எழுப்பியது. கிளாஸ்கோ நகரிலே தோமஸ் கிப்சன், பீற்றர் மெடவார் ஆகிய இருவரும், தீக்காயமுற்ற ஓர் இளம்பெண்ணுக்கு அவருடைய உடன்பிறந்தவரின் தோலை ஒட்டி ஆராய்ந்து, 1943 ஆம் ஆண்டில் முடிபை வெளியிட்டனர். முதலில் ஒட்டிய தோல் சிலகாலம் நின்று பின் அழிந்தது. இரண்டாம் முறை ஒட்டியது அதனிலும் விரைவாக அழிந்தது. அந்நியத் தோலை அப்பெண்ணின் உடல் அடையாளங்கண்டு, நினைவிலும் வைத்திருந்தது என்பதே இதன் பொருள். மரத்தில் அந்நியரைத் தேடித் திரியும் வெண்குழியங்கள் இல்லை. மனிதக் குருதியில் உண்டு. நோய்க்கிருமியிலிருந்து காக்கும் அந்தக் காவலே, உடன்பிறந்தவரின் தோலையும் உள்ளே விட மறுக்கின்றது.

அவ்வாறாயின், ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறந்த இரட்டையரிடையே தடை இராதன்றோ? 1954 ஆம் ஆண்டு டிசெம்பர் 23 ஆந் திகதி பொஸ்ரன் நகரில், றொனால்ட் ஹெரிக் என்பவரின் சிறுநீரகம் ஒன்றை எடுத்து, மரணத்தை நெருங்கியிருந்த அவருடைய இரட்டைச் சகோதரர் றிச்சர்டுக்குப் பொருத்தினர் ஜோசெப் மறேயும் அவருடைய குழுவினரும். அதற்கு முன்னரே ஒருவரின் தோற்றுண்டை மற்றவரில் ஒட்டி, அது நிலைப்பதைக் கண்டு உறுதிசெய்திருந்தனர். றிச்சர்ட் மேலும் 8 ஆண்டுகள் வாழ்ந்தார்.

அந்நாளில் வைத்தியர்களை வருத்திய வினா வேறொன்றும் உண்டு. நோயில்லாத ஒருவருடைய உடலை, அவருக்கு எந்நலமும் இல்லாத நோக்கத்துக்காக, வைத்தியர் வெட்டலாமா? தோட்டக்காரர் தாய்மரத்தின் விருப்பத்தைக் கேட்பதில்லை. ஆனால் றொனால்டை ஒருவர் வெட்டுவதற்கு றொனால்ட் சம்மதிக்க வேண்டியிருந்தது. அவர் சம்மதித்தார், 2010 ஆம் ஆண்டுவரை உயிர்வாழ்ந்தார்.

இரட்டையரல்லாதாருக்கு வழிகாட்டியவை, உடலின் எதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகள். 1960 களில் தொடங்கிய அம்முயற்சி, 1980 களில் சைக்கிளோஸ்போரின் என்னும் மருந்தினால் பெரிதும் முன்னேறியது. எனினும் பொருத்திய உறுப்பு உள்ளவரை மருந்தை உண்ணல் வேண்டும். காவல் தளர்வதனால் நோய்த்தொற்றுக்கும் அஞ்சல் வேண்டும்.

உறவைப் பெரிதும் கேளாத ஒட்டும் ஒன்றுண்டு. விழியின் முன்புறத்துள்ள தெளிந்த படலத்திலே குருதிக்குழாய்கள் இல்லாமையால், அந்நியருடைய படலமும் பெரும்பாலும் நிலைத்துவிடுகின்றது. 1905 ஆம் ஆண்டிலேயே எடுவார்ட் சேர்ம் என்னும் வைத்தியர் இதனை வெற்றியுடன் செய்து காட்டினார். டாக்டர் ஹட்சன் சில்வா 1961 ஆம் ஆண்டில் தொடக்கிய இலங்கைக் கண்தானச் சங்கம், 1964 ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பியது. பின்னர் உலகின் பல நாடுகளுக்கும் அனுப்பி வந்துள்ளது. பெயரும் மொழியும் அறியாத ஒருவருடைய கண்ணினால் மற்றொருவர் உலகைக் காண்கின்றார்.

ஆகவே, ‘ஒட்டுமில்லை, உறவுமில்லை’ என்னும் வழக்கை இரு தொழில்களும் இருவகையாக விளக்குகின்றன. தோட்டத்திலே உறவு இருந்தாலன்றி ஒட்டு இல்லை. சத்திரசிகிச்சையிலோ, உறவில்லாதாரிடையேயும் ஒட்டை நிலைக்கச் செய்ய மருந்துண்டு. ஆனால் கொடுக்கும் மனத்தை உண்டாக்குவதற்கு மருந்தில்லை. அதனை மனிதரே தர வேண்டும்.