மாத்திரையை நிறுத்துமுன் வாயைத் திறப்போம்

(கொழும்பில் வேலை செய்யும் மலையகத் தொழிலாளர்களும் குடும்பத்தினரும் கொட்டாஞ்சேனையில் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், லீவு பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் நாம் கூட்டத்தில் பேசாத ஒன்றைப் பேசுகிறேன். மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் நம் லயங்களிலும் இருக்கிறார்கள், இந்த மண்டபத்திலும் இருக்கலாம். அந்த மருந்து உடம்பில் செய்யும் கோளாறுகளை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் விஷயம்.

என் சித்தப்பா மகன் ஓ.எல். எழுதிவிட்டு வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடைக்கு வந்தான். அவன் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். 22 வயதில் அவனுக்குத் தூக்கம் போனது. யாரோ தன்னைத் திட்டுவதாகக் குரல் கேட்டது. ஆஸ்பத்திரி கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். சில கிழமைகளில் குரல் அடங்கியது. ஆனால் காலையில் எழும்ப முடியவில்லை. கை நடுங்கியது. துணியை அளந்து வெட்ட முடியவில்லை. "காலையிலேயே போட்டுட்டு வந்திட்டியா?" என்று முதலாளி எல்லோருக்கும் முன்னால் கேட்டார். அன்றிரவே மாத்திரையை நிறுத்திவிட்டான்.

இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தான். மூன்றாம் மாதம் காலி வீதியில் வாகனங்களுக்கு நடுவே நின்றவனை நாலு பேர் இழுத்துக் கரை சேர்த்தார்கள். திரும்பவும் வார்டில் சேர்த்தோம். டொக்டர் ஏன் நிறுத்தினாய் என்று கேட்டபோதுதான் கை நடுக்கத்தைச் சொன்னான். டொக்டர் மருந்தின் அளவைக் குறைத்தார், இராச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கச் சொன்னார், நடுக்கத்துக்கு இன்னொரு சின்ன மாத்திரை சேர்த்தார். இப்போது வேறு கடையில் துணி அளக்கிறான். நடுக்கத்தை முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த மூன்று மாதம் அவனுக்கு வந்திருக்காது.

நான் சொல்ல வந்தது இதுதான். பக்கவிளைவு வந்தால் அதை டொக்டரிடம் சொல்ல வேண்டும். நாமாக மருந்தை நிறுத்தக் கூடாது. நிறுத்தியவுடன் உடம்பு லேசாகும், சுகமாகிவிட்டது என்று தோன்றும். நோய் கிழமைகள், மாதங்கள் கழித்துத்தான் திரும்பி வரும். அதனால்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

இனி நம் வேலையோடு சேர்த்துப் பார்ப்போம்.

தூக்க மயக்கம் ஆரம்பத்தில்தான் அதிகம். அநேகருக்குச் சில கிழமைகளில் குறையும். மருந்தை இரவுக்கு மாற்றலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். அதுவரை கவ்வாத்துக் கத்தி பிடிக்கும் வேலைக்கும், ஃபேக்டரியில் மெஷினுக்குப் பக்கத்திலும் அவரைப் போடாமல் வேறு வேலை கேட்பது தோட்டக் கமிட்டித் தலைவரின் பொறுப்பு.

ஹெலோபெரிடோல் போன்ற மருந்துகளில் சிலருக்குத் திடீரென்று கழுத்து ஒரு பக்கம் இழுக்கும், கண் மேலே செருகும், நாக்கு தடிக்கும். நம் லயத்தில் இதைப் பார்த்ததும் கோடாங்கியைத் தேடி ஓடுகிறோம். அது பேயுமல்ல, நோய் முற்றியதுமல்ல. மருந்தால் தசை பிடித்துக்கொள்கிறது. ஆஸ்பத்திரியில் ஓர் ஊசி போட்டால் சிறிது நேரத்தில் இறங்கிவிடும். இன்னும் சிலருக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது, உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருப்பார்கள். "பைத்தியம் கூடிப்போச்சு" என்று வீட்டில் கூடுதல் மாத்திரை கொடுத்தால் இன்னும் மோசமாகும். இதையும் டொக்டரிடம்தான் சொல்ல வேண்டும்.

குளோர்ப்ரொமசின் எடுப்பவர்களின் தோல் வெயிலில் சீக்கிரம் சிவந்து எரியும். மலையில் கொழுந்தெடுக்கும் அக்காமார் முழுக்கைச் சட்டை போட்டு, தலையையும் கழுத்தையும் மூடிக்கொள்ளுங்கள்.

லித்தியம் எடுப்பவர்கள் வேர்த்து வேலை செய்யும்போது தண்ணீர் குடிக்காமல் இருக்கவே கூடாது. உப்பைத் திடீரென்று குறைக்கவும் கூடாது. உடம்பில் நீர் குறைந்தால் மருந்து இரத்தத்தில் கூடிவிடும். கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, வயிற்றோட்டம், நாக்குளறல், தள்ளாட்டம் ஆகியவை அதன் அடையாளம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். அவையும் லித்தியத்தைக் கூட்டிவிடும். டிஸ்பென்சரியில் மருந்து வாங்கும்போது "நான் லித்தியம் எடுக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனைக்குச் சொன்ன திகதியைத் தவறவிடாதீர்கள்.

ஒலான்சபின், குளோசபின் மருந்துகளில் பசி கூடும், உடம்பு போடும், சீனி வியாதியும் வரலாம். சிலருக்கு வாய் வேறு காயும். நாமோ தாகத்துக்குச் சீனி போட்ட தேத்தண்ணிதான் குடிப்போம். அதுவே ஒரு நாளைக்கு ஆறேழு கோப்பை ஆகிவிடும். தாகத்துக்குத் தண்ணீர், தேத்தண்ணியில் சீனியைக் குறைப்பது, ரொட்டியோடு கீரை. இவை நம்மால் முடிந்தவைதான். கிளினிக்கில் நிறையையும் இரத்தத்தில் சீனியையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குளோசபின் எடுப்பவருக்குக் காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் அன்றே இரத்தம் சோதிக்க வேண்டும், "சும்மா தடிமன்" என்று இருந்துவிடாதீர்கள். பல நாள் மலச்சிக்கலையும் மறைக்காதீர்கள், அதுவும் ஆபத்தாகலாம்.

வெட்கத்தால் நாம் மறைப்பவையும் உண்டு. சில மருந்துகளால் பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும், பிள்ளை பெறாதவர்களுக்கும் மார்பில் பால் கசியும். ஆண்களுக்குத் தாம்பத்தியத்தில் குறை வரும். வாயால் சொல்ல முடியாவிட்டால் ஒரு துண்டில் எழுதி நீட்டுங்கள். பிள்ளை தங்கியிருந்தால், அல்லது பெற நினைத்தால், உடனே டொக்டரிடம் சொல்லுங்கள். வல்ப்ரோயேட் போன்ற மருந்து வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதி, அதை டொக்டர்தான் மாற்றித் தர வேண்டும்.

கடும் காய்ச்சலோடு உடம்பு விறைத்து, ஆள் தடுமாறினால் காத்திருக்கக் கூடாது. 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது. மனநலம் பற்றிப் பேச எந்த நேரமும் 1926 இருக்கிறது. அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். "அங்கொடைக்கு அனுப்பணும்" என்று நாம் ஏச்சாகச் சொல்லும் அதே ஆஸ்பத்திரிதான். அந்த ஏச்சை இன்றோடு விடுவோம். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நம் பிள்ளைகள் கிளினிக் கொப்பியைப் பெட்டிக்கு அடியில் ஒளிக்கிறார்கள்.

கிளினிக்கில் நமக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காமல் போகலாம். அதனால் வீட்டிலேயே ஒரு கொப்பியில் எழுதுங்கள்: என்ன கோளாறு, எப்போது தொடங்கியது, எந்த மாத்திரைக்குப் பிறகு. எழுதத் தெரியாத அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும். பக்கெட்டில் எழுதியிருப்பது விளங்காவிட்டால், காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் வரைந்து தரச் சொல்லுங்கள். தமிழில் சொல்லுங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை, கேட்க வெட்கப்பட வேண்டாம்.

கடைசியாக, சங்கத்து வேலை. கடைகளில் வேலை செய்யும் தம்பி தங்கைகளே, 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி, சுகயீனத்துக்கும் சொந்த அலுவலுக்கும் வருடத்துக்கு 7 நாள் சம்பளத்துடன் லீவு உண்டு. முதல் வருடத்தில் இரண்டு மாத வேலைக்கு ஒரு நாள். கிளினிக் நாளுக்கு அதைக் கேளுங்கள். என்ன வருத்தம் என்று கடைக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை, "கிளினிக்" என்றால் போதும். மறுத்தால் எங்களிடம் வாருங்கள். தோட்டத்தில் கிளினிக் போன நாளையும், மருந்து மாறிய கிழமைகளில் கிலோ குறைந்து அரைப் பேர் விழுந்ததையும் கமிட்டியில் எழுதி வைப்போம். துரையிடம் போகும்போது கையில் கணக்கு இருக்க வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் நான் கதவுக்குப் பக்கத்து மேசையில் இருப்பேன். கொப்பியைக் கொண்டு வந்தவர்கள் காட்டலாம். டொக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைச் சேர்ந்து எழுதுவோம். யாருடைய பெயரும் இந்த மண்டபத்தைத் தாண்டாது.